சுங்க ஒன்றியம் முதலீட்டை அழைத்து வருமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் துருக்கிக்கும் இடையிலான சுங்க ஒன்றியம் 1995 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பொருள்கள் இரு தரப்புக்கும் இடையே சுங்கத் தீர்வை இல்லாமல் சென்றுவரும்; வெளியுலகிலிருந்து வரும் அத்தகைய சரக்குக்குத் துருக்கி இனி ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி விகிதத்தையே பின்பற்றும் என்பது ஏற்பாடு. இவ்வளவு பெரிய சந்தையோடு தன்னை இணைத்துக்கொண்ட ஒரு நாட்டுக்கு அந்நிய நேரடி முதலீடு தேடி வரும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது. முதலீடு வரவில்லை. 1996 முதல் 2000 வரை எந்த ஓர் ஆண்டிலும் துருக்கிக்குள் வந்த நேரடி முதலீடு நூறு கோடி டாலரைத் தொடவில்லை. அது ஏறத்தாழ 2,200 கோடி டாலராக உயர்ந்த 2007-இல் சுங்க ஒன்றியத்துக்கு வயது பதினொன்று. இடையில் 2001-இன் நிதி நெருக்கடி, அதையடுத்த வங்கித்துறைச் சீரமைப்பு, 2003-இல் இயற்றப்பட்ட புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம், 2005 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமைப் பேச்சுவார்த்தை என்று எத்தனையோ நடந்து முடிந்திருந்தன. பிற்பாடு வந்த அந்தப் பணத்திலும் பெரும்பகுதி வங்கிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் வாங்கத்தான் போயிற்று. அவை இரண்டுமே சுங்க ஒன்றியத்தின் வரம்புக்குள் வராத சேவைத் துறைகள்.

வர்த்தகத் தடை நீங்கினால் முதலீடு பெருகும் என்ற பொதுவான நம்பிக்கை ஏன் இப்படிப் பிசகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சுங்க ஒன்றியம் செய்யும் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உறுப்பு நாடுகளுக்கு இடையிலான மதிலை அது இடிக்கிறது. அதே நேரத்தில் எல்லோரையும் சுற்றி ஒரே உயரத்தில் ஒரு மதிலை எழுப்புகிறது. முதல் வேலை பங்காளி நாடுகள் ஒன்றில் ஒன்று முதலீடு செய்வதற்கான ஒரு முக்கியக் காரணத்தையே இல்லாமல் ஆக்கிவிடக் கூடியது. இரண்டாவது வேலையோ வெளியே நிற்பவரை உள்ளே வந்து ஆலை கட்டத் தூண்டுவது. இரண்டையும் ஒரே பெயரின் கீழ் கூட்டிப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே கறாராகத் தெரிந்திருக்க வேண்டும். தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் வெளியாருக்கான தன் வரியைத் தானே தீர்மானிக்கிறது. அதனால் குறைந்த வரி உள்ள நாட்டின் வழியே சரக்கை இறக்கி மற்றதற்குள் கடத்திவிடாமல் தடுக்க, ஒவ்வொரு பொருளும் எங்கே உருவானது என்பதை நிரூபிக்கும் தோற்ற விதிகள் தேவைப்படுகின்றன. சுங்க ஒன்றியத்தில் எல்லைகள் அனைத்திலும் ஒரே வரி என்பதால் அந்தக் கேள்வியே பொதுவாக எழுவதில்லை. தென் கொரியாவில் செய்த ஒரு மின்னணுப் பாகம் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒருமுறை முறைப்படி உள்ளே வந்துவிட்டால், அது 'தடையற்ற புழக்கத்தில் உள்ள சரக்கு' ஆகிவிடுகிறது. அங்கிருந்து துருக்கியின் பர்சா நகரத்துக் கார் ஆலைக்குச் செல்ல அதற்குத் தேவைப்படுவது ஏ.டி.ஆர். என்ற ஒற்றைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் பாகத்தின் பிறப்பிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சரக்கு தடையற்ற புழக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் காகித விவகாரம். ஆயிரக்கணக்கான பாகங்களை நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களிடமிருந்து வாங்கும் ஒரு கொள்முதல் அதிகாரிக்கோ, ஒவ்வொரு பாகத்துக்கும் பிறப்பிட உறுதிமொழி கேட்டுக் கோப்பு சேர்ப்பதா வேண்டாமா என்பது ஆலையை எந்த நாட்டில் வைப்பது என்பதையே மாற்றிவிடக் கூடிய வேறுபாடு.

இனி முதலீட்டாளரின் கணக்கு. ஒரு நாட்டுச் சந்தையில் விற்பதற்கு அங்கேயே ஆலை கட்டுவதா, சொந்த நாட்டில் செய்து அனுப்புவதா என்று ஒரு நிறுவனம் யோசிக்கும்போது, ஏற்றுமதிக்கு ஆகும் வரியையும் போக்குவரத்தையும் ஒரு தட்டிலும், இரண்டாவது ஆலையை நடத்தும் கூடுதல் நிலைச்செலவை மறு தட்டிலும் வைக்கிறது. வரி உயர்வாக இருந்தால் ஆலை வெல்லும். கனடா 1879-இல் உயர் தீர்வைக் கொள்கையை மேற்கொண்ட பின் அமெரிக்க நிறுவனங்கள் எல்லைக்கு வடக்கே கிளை ஆலைகளைத் திறந்தது இந்தக் கணக்கின் பழைய உதாரணம். மதில் தாண்டும் முதலீடு என்று இதைச் சொல்லலாம். 1957-இல் பொருளியலாளர் ராபர்ட் மண்டல் இதைக் கோட்பாடாகவே வடித்தார்: சரக்குக்குத் தடை போட்டால் மூலதனம் இடம்பெயரும், சரக்கு தடையின்றிப் போனால் மூலதனம் இடம்பெயர வேண்டிய தேவை குறையும்.

கற்பனையாக ஓர் எண்ணிக்கையை வைத்துப் பார்ப்போம். மூன்று நாடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் கார்களுக்கு ஆண்டுக்கு 40,000 என்ற அளவில் தேவை, ஒரு கார் 20,000 யூரோ, ஒவ்வொரு நாட்டிலும் தீர்வை 10 சதவீதம். ஒரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் ஆண்டுக்கு 8 கோடி யூரோ வரியாகப் போகிறது. ஆனால் ஓர் ஆலை இலாபகரமாக ஓட ஒரு இலட்சம் கார்களாவது வேண்டும் என்றால், 40,000 காருக்காக எந்த நாட்டிலும் ஆலை எழாது. வரியைக் கட்டிக்கொண்டு ஏற்றுமதிதான் தொடரும். மூன்று நாடுகளும் அதே 10 சதவீதப் பொது வரியோடு சுங்க ஒன்றியம் ஆகிவிட்டால், வரி விகிதம் ஒரு புள்ளிகூட ஏறாத நிலையிலும் வெளியாரின் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: ஒரே ஆலையிலிருந்து 1,20,000 கார்களை மூன்று சந்தைக்கும் கொடுக்கலாம், ஆண்டுக்கு 24 கோடி யூரோ மிச்சம். இதே கணக்கை மூன்று நாடுகளில் ஒன்றைச் சேர்ந்த நிறுவனத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குச் சொந்த நாட்டிலேயே ஆலை இருக்கிறது. பங்காளி நாட்டின் தீர்வையைத் தாண்டுவதற்காக அங்கே ஒரு சிறிய பொருத்துக்கூடம் வைத்திருந்தால், ஒன்றியம் வந்த மறுநாள் அது வேண்டாத சுமை. மூடிவிட்டுச் சொந்த நாட்டு ஆலையிலிருந்து அனுப்புவதே மலிவு.

ஆகவே ஒன்றியத்தின் உடனடி விளைவாகப் பங்காளிகளுக்கு இடையிலான முதலீடு குறைந்து, அவர்களுக்கு இடையிலான வர்த்தகம் கூடினால் அதில் வியப்பில்லை. ஒன்றியத்தின் வெற்றியை உள்முதலீட்டுப் புள்ளிவிவரத்தை வைத்து அளப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-இல் சுங்க ஒன்றியத்தின் வர்த்தக விளைவுகளை வர்த்தக உருவாக்கம் (செலவு மிகுந்த உள்நாட்டு உற்பத்திக்குப் பதிலாகப் பங்காளியின் மலிவான பொருள் வருவது), வர்த்தகத் திசைமாற்றம் (வெளியாரின் மலிவான பொருளுக்குப் பதிலாகப் பங்காளியின் விலை கூடிய பொருள் வருவது) என்று இரண்டாகப் பிரித்தார். அந்த இணையை முதலீட்டுக்கும் நீட்டியவர் சார்ல்ஸ் கிண்டில்பெர்கர். ஏற்றுமதியை இழக்கும் வெளியார் உள்ளே வந்து ஆலை கட்டுவது முதலீட்டு உருவாக்கம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் ஆலைகளை இடம் மாற்றி அடுக்குவது முதலீட்டுத் திசைமாற்றம். முதலாவதற்கு இலக்கணம் போல அமைந்தது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம். 1957-இல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் தங்கள் பழைய தீர்வைகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்டே பொது வெளித் தீர்வையை அமைத்தன. அதனால் உயர் வரி வைத்திருந்த பிரான்சும் இத்தாலியும் இறங்கி வந்தன, குறைந்த வரி வைத்திருந்த மேற்கு ஜெர்மனியும் பெனலக்ஸ் நாடுகளும் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்) பல பொருள்களில் ஏறிச் சென்றன. திட்டமிட்ட காலத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாக, 1968 ஜூலை 1 அன்று ஒன்றியம் முழுமை பெற்றது. அந்தப் பத்தாண்டுகளில் அமெரிக்க நிறுவனங்களின் முதலீடு அந்த ஆறு நாடுகளில் பல மடங்கு பெருகியது. அதை முழுக்கத் தீர்வையின் கணக்கில் எழுத முடியாது. 1958-இன் இறுதியில் மேற்கு ஐரோப்பிய நாணயங்கள் டாலருக்கு மாற்றத்தக்கவை ஆயின, வருமானம் வேகமாக வளர்ந்தது; இவை நடக்காமல் மதில் மட்டும் எழுந்திருந்தால் யார் வந்திருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது.

ஜப்பானியக் கார்களின் கதை இன்னும் நுணுக்கமானது. 1984-இல் பிரிட்டன் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிசான், 1986-இல் சண்டர்லாந்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஐரோப்பாவின் பொதுத் தீர்வை கார்களுக்கு 10 சதவீதம். அதைவிடக் கடுமையாக, ஜப்பானியக் கார்கள் தன் சந்தையில் சுமார் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பிரான்ஸ் தனியாக ஒரு வரம்பும் வைத்திருந்தது. சண்டர்லாந்தில் உருவான காரும் ஜப்பானியக் கார்தான், அதில் 80 சதவீதம் ஐரோப்பியப் பாகங்கள் இல்லாதவரை அந்த வரம்புக்குள்ளேயே அதையும் எண்ணுவோம் என்று 1988-இல் பிரெஞ்சுத் தரப்பு அடம்பிடித்தது. பிறகுதான் இறங்கி வந்தது. சுங்க ஒன்றியம் முழுமை பெற்று இருபது ஆண்டுகள் கழித்தும், உள்ளே தயாரான பொருள் உள்ளே தடையின்றிப் போகுமா என்பதே விவாதப் பொருளாக இருந்தது. தீர்வையை நீக்குவது ஒரு சட்டம் இயற்றும் வேலை. தொழில்நுட்பத் தரம், அரசுக் கொள்முதல், உரிமங்கள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் தடைகளை நீக்க ஐரோப்பாவுக்கே 1993-இன் ஒற்றைச் சந்தை வரை பிடித்தது.

வெளியார் உள்ளே வருகிறார்கள் என்றால் எந்த உறுப்பு நாட்டுக்கு வருகிறார்கள் என்ற கேள்விதான் ஒன்றியங்களை உடைக்கும் அளவுக்கு உறவைக் கசக்கச் செய்கிறது. ஒரே ஆலை எல்லோருக்கும் போதும் என்ற நிலையில் அந்த ஆலை சாலை, துறைமுகம், வங்கி, திறனுள்ள தொழிலாளர் எல்லாம் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தையே தேடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் காலனிக் காலத்திலிருந்தே கென்யா, உகாண்டா, தங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) மூன்றும் பொதுச் சந்தையில் இருந்தன. ஆலைகள் பெரும்பாலும் நைரோபியைச் சுற்றியே குவிந்தன. கென்யப் பொருளை உயர் விலைக்கு வாங்கி, மலிவான வெளிநாட்டுப் பொருளுக்கான வரி வருவாயையும் இழக்கிறோம் என்று மற்ற இருவரும் முறையிட்டனர். 1964-இல் தொழில்களை நாட்டுக்கு நாடு பங்கிட ஒரு கம்பாலா உடன்பாடு செய்தார்கள். 1967 ஒப்பந்தத்தில், பின்தங்கிய உறுப்பினர் தன் புதிய தொழிலைக் காக்க, பங்காளியின் பொருள்மீது 'மாற்று வரி' விதிக்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். சுங்க ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு குட்டி மதில். 1977-இல் அந்த அமைப்பு முறிந்ததற்கு அரசியல் பகைமைகளும் காரணம். ஆனால் முதலீடு ஒரே இடத்தில் குவிந்ததன் கசப்பு அதன் அடித்தளத்திலேயே இருந்தது. இன்றைய கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் சுங்க ஒன்றியம் 2005-இல் புதிதாகத் தொடங்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானா முதலிய அண்டை நாடுகளும் சேர்ந்து, 1910-இல் உருவாகி இன்றுவரை நிலைத்திருக்கும் சுங்க ஒன்றியத்திலும் இதே சாயல்தான். போட்ஸ்வானாவில் 1990-களில் நடந்த ஹூண்டாய் கார் பொருத்தும் ஆலை, தன் கார்களைப் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் விற்பதை நம்பியே எழுந்தது. பெரிய பங்காளியின் வாகனத் தொழிலோடு அது நேரடியாக மோதியது, 2000 அளவில் மூடப்பட்டது. சிறிய நாட்டில் ஆலை கட்டிப் பெரிய சந்தைக்கு விற்கலாம் என்ற வாக்குறுதியைச் சுங்க ஒன்றியம் காகிதத்தில் தருகிறது. அதை நம்பி எத்தனை காலத்துக்குப் பணத்தை முடக்கலாம் என்பதைப் பெரிய பங்காளியின் மனநிலைதான் முடிவு செய்கிறது.

பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளின் மெர்கோசூரில் நாணயமே மதிலாகிவிட்டது. 1995-இல் தொடங்கிய இந்த ஒன்றியம் கார்களுக்கு 35 சதவீத வெளித் தீர்வையோடு பெரும் வாகன நிறுவனங்களை உள்ளே இழுத்தது; பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அவை வெவ்வேறு மாடல்களைச் செய்து ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன. வாகன வர்த்தகம் மட்டும் முழுத் தடையற்றதாக ஆகாமல் தனி உடன்பாட்டில் கட்டுண்டு கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999 ஜனவரியில் பிரேசில் தன் நாணயமான ரியாலின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்டு அது சரிந்தபோது, தன் நாணயமான பெசோவை டாலரோடு கட்டி வைத்திருந்த அர்ஜென்டினாவில் உற்பத்திச் செலவு ஒரே வாரத்தில் தாங்க முடியாததாயிற்று. நிறுவனங்கள் பிரேசிலுக்கு நகர்ந்தன. தீர்வை இருந்திருந்தால் ஓரளவு தடுத்திருக்கும். ஒன்றியத்தில் அந்தக் கருவி இல்லை. பிரேசிலுக்குள்ளேயோ மாநிலங்கள் வரிச்சலுகை காட்டி ஒன்றோடொன்று மோதின: ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் அமையவிருந்த ஃபோர்டு ஆலை, சலுகைகளை மறுபரிசீலனை செய்ய அங்கே புதிதாக வந்த அரசு முயன்றதும் பாயியா மாநிலத்தின் கமசாரிக்குப் போயிற்று. ஒரு பெரிய சந்தைக்கு எந்த மூலையிலிருந்தும் விற்கலாம் என்று ஆகும்போது முதலீட்டாளரின் பேரம் பேசும் வலிமை கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது. கமசாரியில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தது.

தீர்வையைத் தொட்டே போகாத முதலீடும் உண்டு. 2010-இல் ரஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றோடு சுங்க ஒன்றியத்தில் சேர்ந்த கஜகஸ்தான் பல பொருள்களுக்குத் தன் வரியை ரஷ்ய அளவுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. ஆனால் அதன் எண்ணெய் வயல்களில் 1990-களிலிருந்தே இருந்த மேற்கத்திய முதலீடு நிலத்தடியில் என்ன கிடக்கிறது என்பதைப் பார்த்து வந்தது. 2003 முதல் 5 சதவீதப் பொது வரி வைத்திருக்கும் வளைகுடா நாடுகளின் ஒன்றியத்தில் மதில் இடுப்பளவுகூட இல்லை, தாண்டுவதற்காக யாரும் ஆலை கட்டப்போவதில்லை.

பங்காளிகளுக்கு இடையே முதலீடு கூடும் வழி ஒன்று இருக்கிறது. அது மதில் தாண்டுவதற்கு நேர்மாறான காரணத்தால் வருவது. ஒரு பொருளின் உற்பத்தியைப் படிகளாகப் பிரித்து, கூலி மலிவான இடத்தில் ஒரு படி, பொறியியல் வலுவான இடத்தில் மற்றொன்று என்று அடுக்கும்போது, பாகங்கள் எல்லையைப் பலமுறை கடக்கின்றன. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் 4 சதவீதம் தீர்வையாகப் போனால்கூட அந்த அமைப்பு கட்டுப்படியாகாது. துருக்கியில் சுங்க ஒன்றியம் உண்மையாகவே வேலை செய்தது இங்கேதான். பர்சாவில் ரெனோவும் ஃபியட்டும் 1970-களின் தொடக்கத்திலிருந்தே கார் செய்துவந்தன. அப்போது அவை உயர் தீர்வைக்குப் பின்னால் உள்ளூர்ச் சந்தைக்காகப் பழைய மாடல்களைப் பொருத்திய கூடங்கள். மேலே சொன்ன கணக்கின்படி 1996-இல் அவை மூடப்பட்டிருக்க வேண்டும். மாறாக, ஐரோப்பா முழுவதற்கும் ஏற்றுமதி செய்யும் ஆலைகளாக உருமாறின. 2001-இல் கோல்ஜுக்கில் ஃபோர்டின் கூட்டு நிறுவனமும் வணிக வாகன ஆலை ஒன்றைத் திறந்தது. அதே மதில், அதே நாடு; முதலீட்டின் குணம் மட்டும் மாறிவிட்டது. மொத்தத் தொகையைச் சொல்லும் புள்ளிவிவரத்தில் இந்த மாற்றம் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 2021 ஜனவரி முதல் அந்த ஒன்றியத்துடன் அது வைத்திருக்கும் ஒப்பந்தத்தில் தீர்வை பூஜ்யம்தான். ஆனால் சுங்க ஒன்றியம் இல்லை, ஆகவே தோற்ற விதிகள் வந்துவிட்டன. மின்சாரக் காரின் மதிப்பில் பெரும்பங்கு மின்கலத்தில் இருப்பதால், மின்கலத்தை ஆசியாவிலிருந்து இறக்கிப் பொருத்தினால் அந்தக் கார் பிரிட்டன் தோற்றம் பெறாமல் போகும், 10 சதவீத வரி விழும். இதற்கான கடும் விதிகள் 2024-இல் தொடங்கவிருந்து, 2026 இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டன. சண்டர்லாந்தில் நிசானின் ஆலையருகே மின்கல ஆலையை உள்ளடக்கிய நூறு கோடி பவுண்ட் திட்டம் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டதன் பின்னால் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்குண்டு. தோற்ற விதி பாக உற்பத்தியை உள்ளே இழுக்கிறது. இதைக் கண்டு, வெளியேறுவதே முதலீட்டுக்கு நல்லது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் மறந்துவிடுவது, அதே விதி சீனாவிலிருந்து பிரிட்டனில் இறக்கி அயர்லாந்துக்கு அனுப்பும் வணிகருக்கு இரண்டு முறை தீர்வை விதிக்கிறது என்பதையும், அதனாலேயே பல நிறுவனங்கள் ஐரோப்பிய நிலப்பரப்பில் தனிக் கிடங்குகள் திறந்தன என்பதையும். கிடங்கும் முதலீடுதான், வேறு நாட்டின் கணக்கில்.

வெளி மதிலை யார் உயர்த்துகிறார், யார் தாழ்த்துகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. துருக்கிக்கு ஐரோப்பிய வர்த்தகக் கொள்கை முடிவுகளில் வாக்கில்லை. ஐரோப்பா ஒரு மூன்றாம் நாட்டுடன் தடையற்ற ஒப்பந்தம் செய்தால், அந்நாட்டின் சரக்கு ஐரோப்பா வழியே துருக்கிக்குள் தீர்வையின்றி வந்துவிடலாம். துருக்கியின் சரக்குக்கு அந்நாட்டுச் சந்தை தானாகத் திறப்பதில்லை, தனியே பேசித்தான் பெற வேண்டும். ஆகவே உலகம் முழுவதற்கும் ஏற்றுமதி செய்ய ஆலை வைக்க நினைப்பவருக்கு ஒன்றியத்தின் முழு உறுப்பினர் நாடு ஒரு படி மேல். எனினும் அதே துருக்கி 2024 ஜூனில் சீன வாகனங்களுக்குப் பொதுத் தீர்வைக்கு மேல் தனியாக 40 சதவீதக் கூடுதல் வரி விதித்ததும், அடுத்த மாதமே சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் அங்கே சுமார் நூறு கோடி டாலரில் ஆண்டுக்கு 1,50,000 வாகனங்கள் செய்யும் ஆலைக்கு உடன்பாடு செய்தது. ஹங்கேரியின் செகெட்டில் ஆலை கட்டப்போவதாக அது முன்பே அறிவித்திருந்தது. 1879-இன் கனடாவில் நடந்தது போலவே.

துருக்கியுடனான சுங்க ஒன்றியத்தைச் சேவைகள், அரசுக் கொள்முதல், வேளாண்மை ஆகியவற்றுக்கு விரிவாக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2016 டிசம்பரில் முன்மொழிந்தது. அதில் மேற்கொண்டு பணி எதுவும் திட்டமிடப்படவில்லை என்று 2018 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அறிவித்தார்கள். அதனால் துருக்கிக்கும் பல்கேரியாவுக்கும் இடையிலான காபிகுலே எல்லையில் நிலைமை விநோதமாகவே தொடர்கிறது. சரக்கு வண்டிக்குள் இருக்கும் கியர் பெட்டிக்கு ஏ.டி.ஆர். சான்றிதழ் இருக்கிறது, தீர்வை இல்லை. வண்டிக்கு ஒதுக்கீட்டு அடிப்படையிலான போக்குவரத்து அனுமதி வேண்டும். ஓட்டுநருக்கு விசா வேண்டும். கியர் பெட்டி வந்து சேரும் நேரத்தை நம்பி உற்பத்தி வரிசையை ஓட்டும் ஆலையின் மேலாளர், அடுத்த ஆலையை எந்தப் பக்கம் கட்டுவது என்று யோசிக்கும்போது, தீர்வை அட்டவணையோடு எல்லையில் நிற்கும் வண்டி வரிசையின் நீளத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.